ராபர்ட் ஓவன்

ராபர்ட் ஓவன் (மே 14, 1771 – நவம்பர் 17, 1858) வேல்சு நாட்டில் பிறந்த பஞ்சாலை அதிபரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். இசுக்காட்லாந்தில் உள்ள நியூ லனார்க் என்னும் ஆலைக் கிராமத்தைக் கால் நூற்றாண்டுக் காலம் நிர்வகித்தவர். சிறு குழந்தைகளை ஆலை வேலையிலிருந்து விலக்கியது, வேலை நேரத்தைக் குறைத்தது, தொழிலாளர் குழந்தைகளுக்கென மழலையர் பள்ளி நடத்தியது ஆகியவற்றால் அறியப்படுகிறார். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும், பிரித்தானியச் சோசலிசத்தின் தொடக்கக்காலச் சிந்தனையாளராகவும் கருதப்படுகிறார்.

ஒரு மனிதனின் குணத்தை அவன் தானே உருவாக்கிக் கொள்வதில்லை. பிறப்பும் சூழலும் வளர்ப்புமே அதை உருவாக்குகின்றன என்பது ஓவனின் வாழ்நாள் கொள்கை. சோம்பலும் குடியும் திருட்டும் தொழிலாளியின் தனிப்பட்ட குற்றங்கள் என்று பெரும்பாலான முதலாளிகள் நம்பிய காலத்தில், அவற்றுக்கான பொறுப்பை முதலாளியின் மீதும் அரசின் மீதும் அவர் சுமத்தினார். இக்கொள்கை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஏட்டில் மட்டுமன்றி, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஓர் ஊரிலேயே சோதித்துப் பார்த்தார் என்பதே அவருடைய வாழ்க்கையைப் படிக்கத்தக்கதாக ஆக்குகிறது.

இளமைக் காலம்

வேல்சில் மாண்ட்கோமெரி வட்டாரத்தைச் சேர்ந்த நியூடவுன் என்னும் சிற்றூரில் ஓவன் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான் வணிகத்தோடு ஊரின் அஞ்சல் பணியையும் கவனித்து வந்தார். ஏழு குழந்தைகளுள் ஆறாவதாகப் பிறந்த ஓவனின் பள்ளிப் படிப்பு பத்து வயதுக்குள் முடிந்துவிட்டது.

பத்தாம் வயதில் இலண்டனில் இருந்த தமையன் வில்லியமிடம் அனுப்பப்பட்டு, அங்கிருந்து இசுடாம்போர்டு நகரில் மெக்கஃபாக் என்ற துணி வணிகரின் கடையில் வேலை பழகுபவராகச் சேர்ந்தார். முதல் ஆண்டில் உணவும் தங்குமிடமும் மட்டும், இரண்டாம் ஆண்டில் 8 பவுண்டு, மூன்றாம் ஆண்டில் 10 பவுண்டு என்பது ஒப்பந்தம். பத்து வயதிலிருந்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டதாகவும், அதன்பின் பெற்றோரிடம் காசு கேட்டதில்லை என்றும் ஓவன் முதுமையில் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். மெக்கஃபாக் நேர்மையான வணிகர். வேலையாள்களிடம் அன்பாக நடந்தவர். நல்ல நூலகம் வைத்திருந்தவர். சிறுவன் ஓவன் அந்நூல்களைப் படித்தே தம் கல்வியைத் தொடர்ந்தார்.

அடுத்து இலண்டன் பாலத்தில் இருந்த ஒரு பெரிய துணிக்கடையில் ஆண்டுக்கு 25 பவுண்டு ஊதியத்தில் சேர்ந்தார். ஊதியம் கூடியது, வாழ்க்கையோ கடினமானது. அக்கால வழக்கப்படி, கடை திறக்கும் முன்பே இளம் விற்பனையாளர்கள் முடிதிருத்துபவரிடம் வரிசையில் நின்று, தலைமுடிக்கு மாவு பூசிச் சுருட்டிக்கொண்டு வரவேண்டும். விற்பனை மும்முரமான மாதங்களில் கடை சாத்திய பிறகு துணிகளை மடித்து அடுக்கி முடிக்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகிவிடும். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறித்தான் படுக்கைக்குச் செல்ல முடிந்தது என்று தன் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். அன்பான முதலாளியிடமும் ஓய்வற்ற கடையிலும் ஒரே சிறுவன் எவ்வாறு வேறு வேறு மனிதனாக உணர்ந்தான் என்பது அவருடைய பிற்காலக் கொள்கைக்கு வித்திட்டிருக்கலாம்.

மான்செஸ்டரில்

ஆண்டுக்கு 40 பவுண்டு ஊதியத்தில் மான்செஸ்டர் நகரத் துணிக்கடை ஒன்றுக்கு மாறிய ஓவன், பதினெட்டு வயதளவில் தமையனிடம் 100 பவுண்டு கடன் பெற்று, ஒரு பொறிவினைஞருடன் கூட்டாக நூற்பு எந்திரங்கள் செய்யத் தொடங்கினார். கூட்டு நீடிக்கவில்லை. பிரியும்போது தம் பங்காகக் கிடைத்த மூன்று எந்திரங்களையும் மூன்று வேலையாள்களையும் கொண்டு தனியே நூல் நூற்று, வாரம் சுமார் 6 பவுண்டு ஆதாயம் ஈட்டினார்.

1792-இல் பீட்டர் டிரிங்க்வாட்டர் என்ற ஆலை அதிபர் தம் பஞ்சாலைக்கு மேலாளர் தேவை என விளம்பரம் செய்தார். இருபது வயதை ஒட்டிய ஓவன் நேரில் சென்று ஆண்டுக்கு 300 பவுண்டு ஊதியம் கேட்டார். அன்று காலை வந்த அனைவரும் கேட்ட தொகையைக் கூட்டினாலும் அவ்வளவு வராது என்று அதிபர் வியந்தார். தம் சொந்தத் தொழிலில் அவ்வளவு கிடைக்கிறது, குறைத்துக்கொள்ள இயலாது என்று கூறிக் கணக்குப் புத்தகத்தையே காட்டினார் ஓவன். வேலை கிடைத்தது. தம் உழைப்பின் விலையைக் கணக்குடன் கேட்டுப் பெறத் தெரிந்த இந்த இளைஞர்தாம், அவ்வாறு கேட்கும் நிலையில் இல்லாதவர்களைப் பற்றிப் பின்னர் வாழ்நாள் முழுவதும் எழுதினார்.

ஐந்நூறு பேர் வேலை செய்த அந்த ஆலையில் முதல் ஆறு வாரங்கள் அவர் எவருக்கும் நேரடிக் கட்டளை இடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பதும், இரவில் கடைசி ஆளாகப் பூட்டிச் செல்வதும், இடையில் ஒவ்வொரு வேலையையும் கூர்ந்து கவனிப்பதுமாக இருந்தார். பிறகே மாற்றங்களைத் தொடங்கினார். மெல்லிய நூலின் தரம் உயர்ந்தது. ஊதியம் படிப்படியாக உயரும், நான்காம் ஆண்டில் ஆலையில் கால் பங்கு கிடைக்கும் என்று அதிபர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் குடும்பத்தில் மருமகனாக வரவிருந்த ஒருவர் அப்பங்கை விரும்பாததால் ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு வேண்டப்பட்டபோது, ஓவன் ஒப்பந்தத் தாளை அங்கேயே நெருப்பில் இட்டுவிட்டு வேலையையும் துறந்தார்.

பின்னர் சார்ல்டன் டுவிஸ்டு நிறுவனத்தில் பங்குதாரரானார். மான்செஸ்டர் இலக்கிய மெய்யியல் கழகத்திலும், மருத்துவர் தாமசு பெர்சிவல் தலைமையிலான நகர நலவாரியத்திலும் உறுப்பினராக இருந்தார். ஆலைக் காய்ச்சல், நெரிசல், சிறார்களின் நெடுநேர வேலை ஆகியவற்றை அந்த வாரியம் ஆராய்ந்தது.

நியூ லனார்க்

கிளைடு ஆற்றின் அருவிகளுக்கு அருகே, நீர்விசையைப் பயன்படுத்துவதற்காக கிளாசுகோ வணிகர் டேவிட் டேல் 1780-களில் தொடங்கிய ஆலைக் கிராமமே நியூ லனார்க். தொழில் நிமித்தம் கிளாசுகோ சென்ற ஓவன், டேலின் மகள் கரோலினை விரும்பினார். ஆலைகளையும் வாங்க முன்வந்தார். 60,000 பவுண்டு விலை, ஆண்டுக்கு 3,000 பவுண்டு வீதம் 20 தவணைகள் என்று பேசி முடிக்கப்பட்டது. 1799 செப்டம்பரில் திருமணம் நடந்தது. 1800 சனவரி முதல் நாளில் ஓவன் நிர்வாகத்தை ஏற்றார்.

அங்கு சுமார் 500 சிறுவர் சிறுமியர் ஏழையர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு வேலையில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை, உணவு இடைவேளை உட்பட 13 மணிநேரம் ஆலையில். அதன் பிறகு பாடம். டேல் கொடியவர் அல்லர். நல்ல உணவும் உடையும் தூய்மையான படுக்கையும் தந்தவர், ஆசிரியர்களை நியமித்தவர். அக்கால ஆலைகளுள் அவருடையது சிறந்ததாகவே பெயர் பெற்றிருந்தது. ஆயினும் சோர்ந்து விழும் குழந்தைகளின் தலையில் பாடம் ஏறவில்லை. பலருடைய உடல் வளர்ச்சியும் குன்றியிருந்தது. நல்ல மனம் மட்டும் போதாது, ஏற்பாடே மாறவேண்டும் என்று ஓவன் கண்டது இங்கேதான். ஏழையர் இல்லக் குழந்தைகளைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்துவதையும் கைவிட்டார்.

பெரியவர்களிடம் நிலைமை வேறு. குடிப்பழக்கமும் ஆலைப் பொருள்களைத் திருடுவதும் மிகுந்திருந்தன. மொழியும் பழக்கமும் வேறான இந்த வேல்சுக்காரரை ஊரார் ஐயத்துடன் பார்த்தனர். ஓவன் எவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நூலை எண்ணிக் கணக்கு வைக்கும் முறையைக் கொண்டுவந்து, திருட்டு உடனே தெரியவருமாறு செய்தார். தெருக்களைத் தூய்மைப்படுத்தினார், வீடுகளைப் பெரிதாக்கினார். வீடுகளைச் சோதிக்க வந்த குழுவினருக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள் என்று பெண்கள் பெயர் சூட்டி எள்ளிநகையாடினர். தனியார் கடைகளில் மட்டமான சரக்கு கடனுக்குக் கூடுதல் விலையில் விற்கப்பட்டு வந்தது. அதற்கு மாற்றாக ஆலையே மொத்தமாகக் கொள்முதல் செய்து, வாங்கிய விலைக்குச் சற்றே கூட்டி விற்கும் கடையைத் திறந்தது. அதன் ஆதாயம் பிற்காலத்தில் பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது.

தொழிலாளரின் நம்பிக்கையை ஓவன் பெற்றது அறிவுரையால் அன்று. பிரித்தானியாவுடன் ஏற்பட்ட பூசலால் அமெரிக்க அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தபோது பஞ்சு விலை தாறுமாறாக ஏறியது. பல முதலாளிகள் ஆலையை மூடித் தொழிலாளரை வெளியேற்றினர். ஓவனும் ஆலையை நிறுத்தினார். ஆனால் எந்திரங்களைத் துடைத்துப் பேணும் வேலையை மட்டும் கொடுத்து, நான்கு மாதங்களுக்கும் முழுக் கூலியையும் வழங்கினார். செலவு 7,000 பவுண்டுக்கும் மேல். அதன் பின்னர் எதிர்ப்பு அடங்கியதாக அவரே எழுதியுள்ளார்.

மௌனக் கங்காணி

நியூ லனார்க்கில் மேற்பார்வையாளர் எவரும் தொழிலாளியை அடிக்கவோ திட்டவோ கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரின் இடத்திலும் நான்கு பக்கங்களைக் கொண்ட சிறு மரக்கட்டை ஒன்று தொங்கவிடப்பட்டது. முந்தைய நாள் நடத்தை தீயது எனில் கறுப்பு, நடுத்தரம் எனில் நீலம், நல்லது எனில் மஞ்சள், மிக நல்லது எனில் வெள்ளை நிறப் பக்கம் முன்னால் தெரியும். இதற்கு மௌனக் கங்காணி என்னும் பொருள்படும் பெயர் வழங்கிற்று. நிறங்கள் நாள்தோறும் பேரேட்டில் எண்களாகப் பதியப்பட்டன. தமக்கிட்ட நிறம் தவறு என்று கருதும் தொழிலாளி ஓவனிடமே முறையிடலாம். ஆலை வழியே நடந்து செல்லும்போது ஓவன் கட்டையைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், எதுவும் பேசமாட்டார். தொடக்கத்தில் கறுப்பு மிகுந்திருந்தது. சில ஆண்டுகளில் மஞ்சளும் வெள்ளையும் பெருகின.

இதில் ஒரு முரண் உள்ளது. குணத்துக்கு மனிதன் பொறுப்பல்லன் என்றவர், ஒவ்வொரு தொழிலாளியின் அன்றாட நடத்தையையும் அனைவர் கண்ணிலும் படுமாறு தொங்கவிட்டார். தண்டிக்காமல் நினைவூட்டும் சூழலை அமைப்பதே தம் நோக்கம் என்பது ஓவனின் விளக்கம். எனினும் கட்டையைத் திருப்பும் உரிமை மேற்பார்வையாளரிடம் இருந்ததேயன்றித் தொழிலாளரிடம் இருக்கவில்லை. 1819-இல் நியூ லனார்க்கைப் பார்வையிட்ட கவிஞர் ராபர்ட் சதே, ஓவனின் நல்லெண்ணத்தைப் பாராட்டியபோதிலும், அவ்வூரை அடிமைகள் உழைத்த தோட்டங்களோடு ஒப்பிட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

கூலியும் பங்குதாரர்களும்

நியூ லனார்க்கில் கூலி மிக உயர்ந்ததாக இருந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. இது சரியன்று. ரொக்கக் கூலி மற்ற ஆலைகளைவிட அதிகமாக இல்லை. கிளாசுகோவில் கிடைத்ததைவிடக் குறைவாகவும் இருந்தது. குறைந்த வாடகை, மலிவான கடை, மருத்துவ உதவி, ஏறக்குறைய இலவசக் கல்வி ஆகியவை அதனை ஈடுசெய்தன. நோய்க்கால நிதிக்கு ஒவ்வொருவரும் கூலியில் அறுபதில் ஒரு பங்கு செலுத்தினர். 1816 முதல் நிகர வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்தே முக்கால் மணிநேரமாகக் குறைக்கப்பட்டது.

ஆலை நல்ல ஆதாயத்தில் நடந்தபோதும், பள்ளிக்கும் வீடுகளுக்கும் பணம் செலவிடுவதைப் பங்குதாரர்கள் விரும்பவில்லை. 1813-இல் அவர்களுடன் பிணக்கு முற்றி ஆலை ஏலத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 40,000 பவுண்டுதான் என்று அவர்கள் வதந்தி பரப்பியிருந்தனர். ஓவனோ இலண்டனில் புதிய கூட்டாளிகளைத் திரட்டி வந்து 114,100 பவுண்டுக்கு ஏலம் எடுத்தார். மெய்யியலாளர் செரமி பெந்தாம், குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலன் ஆகியோர் அக்கூட்டாளிகளுள் அடங்குவர். முதலுக்கு நூற்றுக்கு 5 ஆதாயம் போக எஞ்சியதைத் தொழிலாளர் நலனுக்கும் கல்விக்கும் செலவிடுவது என்பது அவர்களின் உடன்படிக்கை. ஓவன் திரும்பி வந்தபோது ஊர் மக்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றனர்.

பள்ளி

1816-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் குணநல உருவாக்க நிறுவனம் என்ற பெயரில் பள்ளி திறக்கப்பட்டது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளிலிருந்து அனைவரும் சேர்க்கப்பட்டனர். மாதக் கட்டணம் 3 பென்சு மட்டுமே. ஆசிரியர்களாக ஓவன் தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருவர் சேம்சு புக்கானன் என்னும் நெசவாளி. மற்றொருவர் மோலி யங் என்னும் பதினேழு வயது ஆலைப் பெண். இருவரும் புத்தகப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். குழந்தைகளிடம் பொறுமை உள்ளவர்கள். அடிக்கக் கூடாது, கடுஞ்சொல் கூடாது என்பதே அவர்களுக்கு இடப்பட்ட முதல் விதி. பரிசுகளும் இல்லை, தண்டனைகளும் இல்லை. ஆடலும் பாடலும், நிலப்படங்களும், விலங்குகளின் ஓவியங்களும் பாடங்களாயின. பத்து வயதுக்குப் பின் ஆலையில் சேர்ந்தோர் மாலை வகுப்புகளுக்கு வந்தனர். ஆட்டமும் சமயக் கல்வியின் குறைபாடும் பிடிக்காத வில்லியம் ஆலன் முதலியோர் 1824-இல் பாடத்திட்டத்தை மாற்றச் செய்தனர்.

தொழிற்சாலைச் சட்டம்

தம் ஊரில் செய்ததைச் சட்டமாக்க 1815-இல் ஓவன் முயன்றார். கிளாசுகோவில் கூடிய ஆலை அதிபர்களிடம் இரண்டு தீர்மானங்களை வைத்தார். பஞ்சு இறக்குமதி வரியை நீக்கக் கோரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சிறார் வேலை நேரத்தைக் குறைக்கக் கோரும் தீர்மானத்தை வழிமொழியவும் ஆளில்லை.

பத்து வயதுக்குட்பட்டோரை வேலையில் அமர்த்தக் கூடாது, பன்னிரண்டு வயது வரை ஆறு மணிநேரத்துக்கு மேல் வேலை கூடாது, எழுதப் படிக்கவும் கணக்கிடவும் தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும் என்பவை அவர் எழுதிய கோரிக்கைகள். தாமும் ஆலை அதிபரான சர் ராபர்ட் பீல் (பிற்காலப் பிரதமரின் தந்தை) மசோதாவைக் கொண்டுவர இசைந்தார். தகவல் திரட்ட ஓவன் தம் மூத்த மகனுடன் நாடெங்கும் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1816-இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். வேலை நேரத்தைக் குறைத்தால் சிறார் தீய வழியில் செல்வர், அயல்நாட்டுப் போட்டியில் தொழில் அழியும், ஏழைப் பெற்றோர் வருமானம் இழப்பர் என்று அதிபர்கள் வாதிட்டனர். நேரத்தைக் குறைத்தும் உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை என்று ஓவன் தம் ஆலைக் கணக்குகளைக் கொண்டு விடையிறுத்தார். எதிர்ப்பாளர்கள் சிலர் லனார்க் வட்டாரப் பாதிரியாரை அணுகி, ஓவனின் பேச்சுகள் அரசுக்கு எதிரானவை என்று நிறுவவும் முயன்றனர்.

1819-இல் நிறைவேறிய சட்டம் குறைந்த வயதை ஒன்பது எனவும், பதினாறு வயதுக்குட்பட்டோரின் வேலையை நாளொன்றுக்கு 12 மணிநேரம் எனவும் வரையறுத்தது. பஞ்சாலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. கண்காணிக்க ஆய்வாளர்களும் இல்லை. இவ்வாறு தேய்ந்துபோன சட்டத்தைத் தம்முடையதாகக் கருத ஓவன் மறுத்துவிட்டார். ஊதியம் பெறும் ஆய்வாளர்கள் 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் நியமிக்கப்பட்டனர். பத்துமணி நேரச் சட்டம் 1847-இல் வந்தது.

நியூ ஆர்மனி

1817-இல் இலண்டனில் நடந்த கூட்டமொன்றில் எல்லாச் சமயங்களையும் வெளிப்படையாகச் சாடியதால் செல்வாக்குள்ள நண்பர்கள் பலரை ஓவன் இழந்தார். முதலாளிகளை மாற்ற இயலாது என்று கண்டு, சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் புதிய ஊர்களை அமைக்க எண்ணினார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு செருமானியச் சமயக் குழுவினர் கட்டியிருந்த ஊரை 1825-இல் விலைக்கு வாங்கி நியூ ஆர்மனி எனப் பெயரிட்டார். விரும்பிய எவரும் வரலாம் என்று அழைத்ததால் அறிஞரும் வந்தனர். வேறு போக்கிடம் இல்லாதவரும் வந்தனர். உழைக்க விருப்பமில்லாதவரும் வந்தனர். கைத்தொழில் தெரிந்தோர் போதவில்லை. உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே பங்கு என்பது பூசலுக்கு வழிவகுத்தது. ஓவன் ஊரில் தங்கிய நாள்களும் குறைவு. ஓராண்டுக்குள் பலமுறை அமைப்பு விதிகள் மாற்றி எழுதப்பட்டன. 1827-இல் முயற்சி கலைந்தது. அவர் செல்வத்தின் பெரும்பகுதி அதில் கரைந்தது. நியூ லனார்க்கில் பழக்கங்கள் மாறப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயின என்பதை அவரே மறந்துவிட்டார் போலும்.

அவருடைய மக்கள் அமெரிக்காவிலேயே தங்கினர். ராபர்ட் டேல் ஓவன் நாடாளுமன்ற உறுப்பினராகி சுமித்சோனியன் நிறுவனம் அமையப் பாடுபட்டார். டேவிட் டேல் ஓவன் புகழ்பெற்ற நிலவியலாளர். ரிச்சர்டு ஓவன் பர்டியூ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர்.

தொழிற்சங்கமும் உழைப்புச் சீட்டும்

நியூ லனார்க் பங்குகளை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஓவனைத் தொழிலாளர்கள் தலைவராகக் கொண்டனர். ஒரு பொருளின் விலை அதில் அடங்கிய உழைப்பு நேரமே என்ற கருத்தின்படி 1832-இல் இலண்டனில் உழைப்புப் பரிமாற்றச் சந்தை தொடங்கப்பட்டது. கைவினைஞர் தம் பொருளைக் கொடுத்து, மணிநேரம் குறித்த சீட்டைப் பெற்று, அதற்கீடான வேறு பொருளை வாங்கலாம். ஒரு மணிக்கு 6 பென்சு என்பது கணக்கு. விலைபோகும் சரக்குகள் விரைவில் தீர்ந்தன, விலைபோகாதவை குவிந்தன. 1834-இல் சந்தை மூடப்பட்டது.

1833-இல் ஆலை அதிபரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சான் ஃபீல்டனுடன் சேர்ந்து, கூலி குறையாமல் எட்டுமணி நேர வேலை என்ற கோரிக்கைக்காகச் சங்கம் அமைத்தார். 1834-இல் பெருந்தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் முன்னின்றார். சங்கம் அமைக்க இரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக டால்படில் கிராமத்து உழவுத் தொழிலாளர் ஆறுபேர் ஏழாண்டு நாடுகடத்தலுக்கு ஆளானபோது, அதை எதிர்த்து இலண்டனில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் கலந்துகொண்டார். கூட்டமைப்பு அவ்வாண்டே சிதைந்தது. வேலைநிறுத்தங்களையும் வகுப்புப் பகையையும் ஓவன் ஒருபோதும் விரும்பியதில்லை. முதலாளியும் சூழலின் படைப்பே என்பதால் அவரையும் வெறுக்கலாகாது என்பார். தொழிலாளர் பலருக்கு இது விளங்கவில்லை.

இறுதிக் காலமும் நினைவும்

இங்கிலாந்தின் குவீன்வுட் குடியிருப்பும் 1845-இல் தோல்வியுற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில், ராச்டேல் நகரில் ஓவனின் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட சிலர் உட்படத் தொழிலாளர்கள் சேர்ந்து சிறு கடை ஒன்றைத் திறந்திருந்தனர். உலகக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு முன்மாதிரியானது அக்கடையே. முதுமையில் ஆவியுலகத் தொடர்பில் ஓவன் நம்பிக்கை கொண்டது பழைய நண்பர்களுக்கு வருத்தமளித்தது. 1857-இல் தன்வரலாறு வெளிவந்தது.

1858-இல் உடல் நலிவுற்ற நிலையில் பிறந்த ஊருக்குச் சென்ற ஓவன், நவம்பர் 17 அன்று நியூடவுனில் காலமானார். பெற்றோரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1902-இல் கூட்டுறவு இயக்கத்தினர் அங்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். கார்ல் மார்க்சும் எங்கெல்சும் அவரைக் கற்பனாவாதச் சோசலிசர் என வகைப்படுத்தினாலும், தொழிற்சாலைச் சட்டத்துக்காக அவர் உழைத்ததை எங்கெல்சு உயர்வாக மதித்தார். நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை இயங்கின. 2001-இல் அக்கிராமம் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.